தங்கவயல் உறவு

சரளாவுக்குப் பொய் சொல்ல வராது. ஆஸ்பத்திரி கேன்டீனில் இருபது வருஷமாகச் சமைக்கிறவள், உப்பு கூடிப்போனால்கூடத் தானே வந்து சொல்லிவிடுகிற ரகம். அப்படிப்பட்டவள் பெங்களூர் ஆஸ்டின் டவுனில் ஒரு தெருவையே ஏமாற்றிக்கொண்டிருந்தாள்.

தர்ஷினி இலங்கை அகதி. கும்மிடிப்பூண்டி முகாமிலிருந்து மகளின் இருதய ஆபரேஷனுக்காக வந்து, ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்துக் கிடந்தாள். ஆபரேஷன் முடிந்தும் குழந்தையை மாதாமாதம் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்றார்கள். வெளியே தங்க முகாமில் கொடுத்த அனுமதியோ முடிந்துவிட்டது. அகதி என்றதும் யாரும் வீடு தரவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே சாம்பார் ஊற்ற சரளாவால் முடியவில்லை. "என்னோட வாம்மா" என்று கூட்டிவந்துவிட்டாள். கூட்டிவந்த பிறகுதான் பயம் பிடித்தது. போலீஸில் மாட்டினால் தாயையும் மகளையும் முகாமுக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள், குழந்தையின் வைத்தியம் நின்றுபோகும்.

யார் கேட்டாலும், கே.ஜி.எஃப்.பிலிருந்து வந்த அண்ணன் மகள் என்று சொல்லி வைத்தாள். ஆஸ்டின் டவுன் தமிழர்களில் பாதிப்பேருக்கு அந்தக் கோலார் தங்கவயலில் சொந்தம் உண்டு, யாரும் தோண்டித் துருவமாட்டார்கள் என்பது அவள் கணக்கு. பாதிப்பேருக்குச் சொந்தம் இருந்தால் விசாரிக்கவும் அத்தனை பேர் இருப்பார்கள் என்பது அந்த மகராசிக்கு உறைக்கவில்லை.

ஒரு மாலை வீட்டுச் சொந்தக்காரர் கிருஷ்ணப்பா, காலியாக இருந்த பக்கத்து அறையைக் காட்ட யூஜின் என்பவரைக் கூட்டிக்கொண்டு படியேறி வந்தார்.

"சரளம்மா, இவரும் உங்க கே.ஜி.எஃப்.தான்."

யூஜினுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "எந்த லைன்மா?" என்று தர்ஷினியைக் கேட்டார். சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பு வரிசைக்கு அங்கே லைன் என்று பேர். அந்த ஊர்க்காரர்கள் சந்தித்தால் முதலில் அதைத்தான் கேட்பார்கள். தர்ஷினி வாயைத் திறக்கவில்லை. திறந்தால் இலங்கைத் தமிழ் வந்து விழும்.

சரளா முந்திக்கொண்டாள். "மாரிக்குப்பம். செல்வராஜ் பொண்ணு."

"நான் பொறந்ததே மாரிக்குப்பத்துலதான். எந்தச் செல்வராஜ்?"

கிருஷ்ணப்பா சரளாவையே பார்த்தார். யூஜின் தர்ஷினியைப் பார்த்தார். அவள் கை குழந்தையின் வாயைப் பொத்தியிருந்தது. அவர் சிரிப்பு நின்றுபோனது.

"ஆங், தெரியும் சார்" என்றார் மெதுவாக. "எங்கப்பாவும் அவரும் ஒரே ஷிஃப்ட்."

"ஆய்த்து, சரி. நாளைக்குப் போலீஸ் ஸ்டேஷன்லேந்து இந்தப் பொண்ணப் பத்தி விசாரிக்க வர்றாங்க. நீங்களே வந்து சொல்லிடுங்க" என்று யூஜினிடம் சொல்லிவிட்டு கிருஷ்ணப்பா இறங்கிப் போனார்.

யூஜின் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"ரூம் புடிக்கலன்னு போயிடுங்கண்ணா" என்றாள் சரளா. "உங்களுக்கு எதுக்கு வம்பு."

"எனக்கும் பயமாத்தாம்மா இருக்கு. பொண்டாட்டி புள்ளைங்க இருக்கு. பரவால்ல, வந்து சொல்றேன்." பிறகு குரலைத் தணித்துத் தர்ஷினியிடம் கேட்டார். "நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். உங்கப்பா நிஜப் பேரு என்னம்மா?"

சண்டையில் செத்துப்போன அப்பா. அவர் பேரைச் சொல்லிச் சொல்லி எத்தனையோ முறை சரளாவின் மடியில் அழுதிருக்கிறாள். இப்போது கிருஷ்ணப்பா இறங்கிப்போன படிக்கட்டைப் பார்த்தாள், சரளாவைப் பார்த்தாள். அந்தப் பேரை விழுங்கிக்கொண்டாள்.

"செல்வராஜ்" என்றாள்.