முடிந்தால் வாருங்கள்

ஈரத்துணியால் துடைத்த சிலேட்டுக்கு ஒரு வாசனை உண்டு; மண்ணும் மழையும் கலந்தாற்போன்ற அந்த வாசனையோடுதான் புனேயை ஒட்டிய ஆகுர்டியில் எங்கள் வீட்டுக் காலைகள் விடிந்தன. அப்பாவுக்குக் கார் கம்பெனியில் ஷிப்ட் வேலை, அம்மாவுக்குப் பள்ளிக்கூட வேலை. நைட் ஷிப்ட் வாரங்களில் அப்பா கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அம்மாவும் நானும் ஒரே பள்ளிக்குக் கிளம்பிப் போயிருப்போம். அதனால் அவர்கள் இருவரும் குடும்பம் நடத்தியதில் பாதி, சமையலறைச் சுவரில் தொங்கிய அந்தச் சிலேட்டில்தான்.

அம்மாவின் எழுத்து முத்து முத்தாக இருக்கும். அதைப் புரிந்துகொள்வதுதான் அப்பாவுக்குப் பெரும்பாடு. அவருடைய மெஷினுக்கு மேலே ஒரு தாள் ஒட்டியிருக்குமாம், அதில் செய் என்று போட்டிருப்பதைச் செய்ய வேண்டும், போடாததைத் தொடக்கூடாது. அந்தப் பழக்கத்தோடே வீட்டுச் சிலேட்டையும் படிப்பார். "அடுப்பில் பால் இருக்கிறது" என்று அம்மா ஒருமுறை எழுதிவிட்டுப் போனார். சாயங்காலம் பால் அங்கேயே திரிந்து கிடந்தது.

"காய்ச்சிக் குடிங்கன்னு அதையும் எழுதணுமாக்கும்?" என்றார் அம்மா.

"எழுதியிருந்தா காய்ச்சியிருப்பேம்லா" என்றார் அப்பா, கொஞ்சமும் கோபமில்லாமல்.

"கொத்தமல்லி கொஞ்சம்" என்று எழுதினால், கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று காய்கறிக் கடைக்காரியிடமே கேட்டு, அவள் தந்த முழுக்கட்டோடு வந்து நிற்பார். எனக்கும் அம்மாவுக்கும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வரும். அப்பாவும் சேர்ந்து சிரிப்பார்.

சிரிக்க முடியாமல் போனது ஒரு சனிக்கிழமை. எங்கள் பக்கத்துத் தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் அம்மா தனியாகப் பாடுவதாக ஏற்பாடு. திருநெல்வேலியில் கல்யாணத்துக்கு முன்பு பாட்டுக் கற்றவர், புனே வந்தபின் குக்கர் சத்தத்துக்கு நடுவே மட்டுமே பாடிக்கொண்டிருந்தவர், அந்த மழைக்காலம் முழுக்கப் பயிற்சி எடுத்தார். அன்று பள்ளி முடிந்து நேரே மண்டபத்துக்குப் போக வேண்டும் என்பதால், காலையிலேயே சிலேட்டில் கிர்ணியில், அதாவது மாவு மில்லில், மாவு வாங்குவது, குடத்தில் தண்ணீர் பிடிப்பது எல்லாம் எழுதி, கடைசியில் எழுதினார்: "ஆறு மணிக்கு என் பாட்டு. முடிந்தால் வாருங்கள்."

மண்டபத்தில் என் பக்கத்து நாற்காலியில் அம்மாவின் கைப்பையை வைத்து இடம் பிடித்திருந்தேன். கேட்டவர்களுக்கெல்லாம் "எங்கப்பா வராங்க" என்று சொன்னேன். பாடி முடிக்கும்வரை அம்மாவின் கண்கள் அந்தக் கைப்பையின் மேலேயே இருந்தன. நன்றாகத்தான் பாடினார், எல்லோரும் கை தட்டினார்கள்.

வீட்டில் மாவு வந்திருந்தது, குடம் நிறைந்திருந்தது. அப்பா தூங்கி எழுந்து நைட் ஷிப்டுக்குத் தயாராக நின்றார்.

"ரொம்ப அசதியா இருந்துது. முடிஞ்சாத்தானே வரச் சொல்லியிருந்த, கட்டாயம்னு போடலையே?"

அம்மா ஈரத்துணியை எடுத்துச் சிலேட்டைத் துடைத்தார். கட்டாயம் என்று எழுதி வரவழைத்தால் வந்ததற்கு என்ன மதிப்பு என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். பிறந்த வீட்டிலும் எதையும் "வேணும்" என்று கேட்டுப் பழகாதவர். அடுத்த வருடம் சங்கத்துப் பெண்கள் அழைத்தபோது "முடிஞ்சா பாக்கேன்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அவர் அதன்பின் மேடை ஏறவேயில்லை, கொஞ்ச நாளில் சமையலறைப் பாட்டும் நின்றுபோனது.

அம்மா இப்போது இல்லை. சிலேட்டு எந்த வீடு மாற்றத்தில் தொலைந்தது என்று தெரியவில்லை. அவர் குரலைப் பதிவு செய்து வைக்க யாருக்கும் தோன்றவில்லை. அப்பா என்னோடு இருக்கிறார். எங்கள் குடியிருப்பின் தமிழ்க் குழுவில் வரும் செய்திகளைக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் படிப்பார். போன ஞாயிறு நல்ல மழை, அவருக்கு முழங்கால் வலி வேறு. யாரோ ஒரு வீட்டுப் பெண் கீழ்த்தளத்து ஹாலில் பாடுகிறாள் என்று செய்தி வந்திருந்தது, முடிந்தவர்கள் வரவும் என்று. அப்பா இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு குடையைத் தேடினார்.

"கட்டாயம் இல்லப்பா. முடிஞ்சவங்க வந்தாப் போதும்னுதானே போட்டிருக்காங்க?" என்றேன்.

"அப்படித்தாம்மா எழுதுவாவ" என்று சொல்லிவிட்டு, வலது காலை மெல்ல ஊன்றிப் படி இறங்கினார்.