மல்லாந்து கிடந்த வீரர்

வலியசாலைத் தெருவில் ஸ்ரீகண்டனைப் போல் படுக்கத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை. ஐம்பது தாண்டியவர். அரசு அலுவலகம் ஒன்றில் செக்‌ஷன் ஆபீசர். அங்கே நாற்காலியில் உட்கார்ந்தபடியே படுப்பார். வீட்டில் கூடத்து நடுவில் வெளிப்படையாகவே படுப்பார். "கொழுப்பு ஏறியிருக்கு, உடம்பை அசையுங்கோ" என்று டாக்டர் சொன்னதையும் படுத்துக்கொண்டேதான் யோசித்தார்.

மகள் ஜானவி ஜியு-ஜிட்சு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். அடி உதை கிடையாது. கட்டிப் புரண்டு, மடக்கி, எதிராளியை 'போதும்' என்று தட்ட வைக்கிற மல்யுத்தம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டாள்.

"ரெண்டு பேர்ல ஒருத்தர் கீழ மல்லாந்து கிடப்பா, அப்பா. அதுக்குக் கார்டுன்னு பேர். அப்படிக் கிடந்தே ஜெயிக்கலாம்."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஸ்ரீகண்டன் வழியில் இறங்கி ஓடவில்லை.

முதல் நாள் மெத்தையில் மல்லாந்ததும் கண் செருகிற்று. கூடப் பயின்ற ஜிபின் அவர் கால்களைச் சாவகாசமாகத் தாண்டி வந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்தான். பயிற்சியாளர் ஆன்சன் குனிந்து பார்த்து, மலையாளம் கலந்த தமிழில் சொன்னான்.

"சாரே, கிடக்கறது வேற, கார்டு வேற. காலு சும்மா இருக்கப் பாடில்லா. எதிராளிய காலுக்குள்ள பூட்டணும், சட்டைய பிடிச்சு கீழ வலிச்சு இழுக்கணும், இடுப்ப அசைச்சு ஓரமா திரும்பணும். ஆளு நிமிர்ந்தா சாரு தீர்ந்து."

படுக்கையில் இவ்வளவு வேலை இருக்குமென்று ஸ்ரீகண்டன் எதிர்பார்க்கவில்லை. ஆனால் பூட்டுவது மட்டும் உடனே கைவந்தது. எதிராளியின் இடுப்பைக் கால்களால் சுற்றி, முதுகுக்குப் பின்னால் கணுக்காலைப் பின்னிக்கொண்டால் ஜிபினாலும் பிரிக்க முடியவில்லை. மாலை ஆறானால் தானே கிளம்ப ஆரம்பித்தார்.

மனைவி நாகலக்ஷ்மிக்குத்தான் பொறுக்கவில்லை. "ஏன்னா, இன்னொருத்தன் இடுப்புல காலைப் போட்டுக்கறேளாமே. கோவில்ல நாலு பேர் கேட்டா நான் என்ன சொல்றது?"

"கோவில்ல யாருடி இதைக் கேக்கப் போறா?"

"நேத்திக்கே கேட்டாச்சு."

போட்டி வந்தது. ஐம்பது வயதுக்கு மேற்பட்ட புதியவர்கள் பிரிவில் இரண்டே பேர். மற்றவர் வீரபாண்டி, பழவங்காடியில் தேங்காய் மொத்த வியாபாரி. மூட்டை தூக்கிய தோள். கை குலுக்கியதும் ஸ்ரீகண்டன் அவர் சட்டையைப் பிடித்தபடி கீழே உட்கார்ந்து மல்லாந்து, இடுப்பைப் பூட்டிவிட்டார். வீரபாண்டி திமிறினார், பூட்டு விடவில்லை. ஸ்ரீகண்டன் அதற்குமேல் எதுவும் செய்வதாக இல்லை.

நடுவர் கையை உயர்த்தினார். சும்மா கிடந்ததற்கு எச்சரிக்கை. ஸ்ரீகண்டன் உண்மையிலேயே திகைத்துப்போனார். இத்தனை வருஷ சர்வீஸில் அவர் மேஜைக்கு வந்த காகிதங்கள் மழைக்காலம் முழுக்க அசையாமல் கிடந்ததுண்டு; ஒருவரும் கையை உயர்த்தியதில்லை.

நடுவர் மறுபடியும் உயர்த்தினார்.

"இடுப்பு சாரே, இடுப்பு" என்றான் ஆன்சன்.

வேறு வழியில்லை. பூட்டைத் திறந்து பக்கவாட்டில் திரும்பினார். ஒரு முழங்காலை வீரபாண்டியின் வயிற்றுக்குக் குறுக்கே கொடுத்தார், மறுகாலைத் தரையோடு வைத்தார், சட்டையை இழுத்தபடி இரண்டு கால்களையும் கத்திரிபோல் வீசினார். தேங்காய் மூட்டை சரிவதுபோல் வீரபாண்டி சரிந்தார். ஸ்ரீகண்டன் மேலே இருந்தார்.

மேலே வந்து என்ன செய்வதென்று அவருக்குத் தெரியாது. சுற்றிலும் பார்த்தார். அதற்குள் வீரபாண்டி கீழிருந்து அவரைக் காலால் பூட்டி, சட்டைக் கழுத்தை இறுக்கினார். ஸ்ரீகண்டன் 'போதும்' என்று தட்டிவிட்டார்.

"மேலேர்ந்து என்ன பண்றதுன்னு நீ சொல்லித் தரலியே, ஆன்சா."

"சாரு ஒருக்கா கூட கேட்டில்லல்லோ."

இருவர் போட்டியில் தோற்றவருக்கு வெள்ளிப் பதக்கம். தெருவில் வெள்ளி மட்டும் தெரிந்தது, எத்தனை பேர் என்பதை யாரும் கேட்கவில்லை. குடியிருப்போர் சங்க ஆண்டு விழாவில் பொன்னாடை போர்த்தினார்கள். நாகலக்ஷ்மி முன்வரிசையில் பட்டுப் புடவையில் இருந்தாள். கொஞ்சம் செய்து காட்டுங்களேன் என்றார் செக்ரட்டரி. ஸ்ரீகண்டன் பொன்னாடையோடு மேடையில் மல்லாந்தார்.

சபை எழுந்துவிட்டது. யாரோ தண்ணீர் கேட்டார்கள்.

"ஒண்ணுமில்லே, கார்டு, கார்டு" என்றார் ஸ்ரீகண்டன் கீழிருந்தபடியே.

செக்ரட்டரி மைக்கில் செக்யூரிட்டி கார்டைக் கூப்பிட்டார். மண்டபத்து வாட்ச்மேன் தொப்பியோடு ஓடிவந்து, மண்டியிட்டு, அவரைத் தூக்கக் குனிந்தான். பழக்கதோஷம், ஸ்ரீகண்டனின் கால்கள் அவன் இடுப்பைப் பூட்டிக்கொண்டன. வாட்ச்மேன் எவ்வளவோ திமிறியும் பிரிக்க முடியவில்லை. கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று.