ஊழியத்துக்கு ஒப்புக்கொடுத்த பிள்ளை

"பெரியவனானதும் என்னவாகப் போகிறாய்?" என்று என்னை யாரும் கேட்டதே இல்லை. அது நான் சின்னப் பையனாக இருக்கும்போதே முடிவாகிப்போன விஷயம். மூளைக்காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தேனாம். "இந்தப் பிள்ளையைப் பிழைக்க வையும் ஆண்டவரே, அவனை உம்முடைய ஊழியத்துக்கே கொடுத்துவிடுகிறேன்" என்று அம்மா பொருத்தனை பண்ணிவிட்டாள். நான் பிழைத்துக்கொண்டேன். அப்புறம் என்ன பேச்சு? எங்கள் தெற்கத்திச் சபைகளில் இப்படி ஒப்புக்கொடுத்த பிள்ளைகள் தெருவுக்கு ஒன்று இருக்கும். பாதிப் பேர் மீசை முளைத்ததும் நழுவிவிடுவார்கள். எனக்கு நழுவத் தோன்றவில்லை.

அப்பா இறந்த பிறகு அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு தூத்துக்குடிப் பக்கமிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்தாள். அருள்புரத்தில் ஒரு லைன் வீடு. வீட்டுக்காரர் உள்ளூர்க் கவுண்டர், தோட்டத்தை விற்று பனியன் கம்பெனி போட்டவர். அம்மா கொஞ்ச காலம் தறிக்குப் போய்விட்டு, பிறகு அவர் கம்பெனியில்தான் ஓட்டை, கறை பார்க்கும் செக்கிங் வேலைக்குச் சேர்ந்தாள். பன்னிரண்டாவது முடித்ததும் நானும் அங்கே கொஞ்ச நாள் பீஸ் அடுக்கினேன். பிறகு வேதாகமக் கல்லூரி. அது முடிந்ததும் மிஷன் சங்கத்தார் என்னைத் தான்சானியாவுக்குத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே முதலில் சுவாஹிலி படிக்க வேண்டும், கூடவே சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் பயிற்சி. தேறினால் ஏதாவது ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் போடுவார்கள்.

செய்தி கேட்டு வீட்டுக்காரர் சிரித்தார்.

"ஏங்கண்ணு, நம்மூருக்குப் பாதிரிமாருங்க வெளிநாட்டுல இருந்துதான வருவாங்க? நீ இங்கிருந்து அங்க போறயா? அவங்க அனுப்புன சரக்க நாம ரிட்டன் அனுப்பற மாதிரியல்ல இருக்குது!" என்றார். பிறகு அம்மா பக்கம் திரும்பி, குரலை இறக்கி, "ஏனுங்கம்மா, ஒத்தப் பையன். மனசு கேக்குதுங்களா?" என்றார்.

"கொடுத்தாச்சு அண்ணாச்சி. கொடுத்ததுக்கு அப்புறம் அழலாமா?" என்றாள் அம்மா.

சபையில் பெரிய பிளக்ஸ் பேனர் வைத்து வழியனுப்பினார்கள். போட்டோக் கடைக்காரன் என் கையில் பைபிளைக் கொடுத்து, பின்னால் ஒரு சிங்கத்தையும் நிறுத்தியிருந்தான். அதைப் பார்த்துச் சிரிக்காதவள் அம்மா ஒருத்திதான். பஸ் ஏறும்போது, "திரும்பிப் பாக்காம போயிருல. நான் நல்லாத்தான் இருப்பேன்" என்றாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. எனக்கு அது கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

மொழிப் பள்ளி ஒரு மலையடிவார ஊரில் இருந்தது. வாத்தியாருக்கு என் வயதுதான் இருக்கும், வாய் மட்டும் ஊர்ப்பட்ட வாய். பள்ளி கேட்டுக்குள்ளே நுழைந்தால் இங்கிலீஷ் கிடையாது. காலையில் ஒரு வாக்கியம் சொல்லித் தருவார். அதை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போய், முன்பின் தெரியாத ஆட்களிடம் மதியம் வரைக்கும் பேசிப் பழக வேண்டும். அடேயப்பா, அந்த ஊர் மரியாதை இருக்கிறதே! வீட்டில் எல்லோரும் சுகமா, வேலை எப்படி, பிள்ளைகள் எப்படி, நன்றாகத் தூங்கினீர்களா என்று கேட்டு முடித்த பிறகுதான் தக்காளியைப் பற்றியே வாய் திறக்கலாம். கொங்கு மரியாதையில் வளர்ந்தவனுக்கே மூச்சு முட்டியது. பெரியவர்களுக்குச் சொல்ல ஒரு வணக்கம், சின்னவர்களுக்கு வேறொன்று. நான் பெரியவர் வணக்கத்தை ஒரு பொடியனுக்குச் சொல்லப்போக, சந்தையே வயிற்றைப் பிடித்துக்கொண்டது.

மத்தியானத்தில் பள்ளிக்கூடம். ஒரு பெஞ்சில் நாலைந்து பிள்ளைகள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பயிற்சி அதிகாரி பின்னால் நிற்பார். நான் சோடா மூடிகளை மேஜையில் பரப்பி எண்ணச் சொல்லிக்கொடுப்பேன். என் உச்சரிப்புத் தப்பினால் வகுப்பு மொத்தமும் கோரஸாகத் திருத்தும். நான் வேண்டுமென்றே தப்பாகச் சொல்வேன், அந்தக் கோரஸுக்காக. சாக்பீஸ் கீழே விழுந்தால்கூட "போலே, மவாலிமு" என்று ஒரே குரலில் வரும். "பாவம் வாத்தியாரே" என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் கஷ்டப்பட்டாலும், தன் மேல் தப்பே இல்லாவிட்டாலும், அவர்கள் இந்த வார்த்தையைச் சொல்வார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், என் ஆயுளில் நான் சந்தோஷமாக இருந்தது அந்த வகுப்பறையில்தான். அம்மாவுக்காகப் போனவன், எனக்காகவே அங்கே இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்காரரின் செல்போனுக்குக் கூப்பிடுவேன். அம்மா பேச்சு எப்போதும் ஒன்றுதான்.

"சாப்ட்டியால? நான் நல்லாருக்கேன். நீ ஆண்டவரு வேலையப் பாரு. என்னைய நெனைக்காத, வையி."

எப்போது வருவாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. நெஞ்சழுத்தக்காரி என்று நினைத்துக்கொள்வேன்.

பயிற்சி முடிய இன்னும் கொஞ்ச நாள் இருந்தபோது மலேரியா வந்தது. அங்கே எல்லோருக்கும் வருவதுதான். எனக்கு மூளைக்கு ஏறிவிட்டது. நினைவு திரும்பியபோது கையில் ட்ரிப் ஏறிக்கொண்டிருந்தது, காதுக்குள் மெஷின் ஓடுகிற மாதிரி ஓர் இரைச்சல். கொய்னா மருந்தால் அப்படி இரைவது சகஜம், நின்றுவிடும் என்று டாக்டர் காகிதத்தில் எழுதிக் காட்டினார். இரைச்சல் நின்றது. அதோடு எல்லாமே நின்றுபோனது. நர்ஸ் தட்டைக் கீழே போட்டாள், சத்தமில்லை. ஜன்னலுக்கு வெளியே மழை பெய்தது, சத்தமில்லை.

பிள்ளைகளைப் பார்க்கக் கூட்டி வந்தார்கள். கட்டிலைச் சுற்றி நின்று வாயைத் திறந்து திறந்து மூடினார்கள். பாட்டுப் பாடுகிறார்கள் என்று புரியவே எனக்குக் கொஞ்ச நேரமாயிற்று. முடித்ததும் எல்லா உதடுகளும் ஒன்றாகக் குவிந்தன. "போலே" என்கிறார்கள். நான் போர்வையை இழுத்து மூஞ்சியை மூடிக்கொண்டு அழுதேன். என் அழுகைச் சத்தம்கூட எனக்கு எட்டவில்லை. ஐயோ, அதை என்னத்தைச் சொல்ல.

பெரிய ஆஸ்பத்திரியில் சோதித்தார்கள். இனி வராது என்றார்கள். கேளாதவன் எப்படி மொழி படிப்பது, எப்படிப் பாடம் நடத்துவது? சங்கத்தார் மேல் குற்றமில்லை, கண்ணியமாகத்தான் ஊருக்கு அனுப்பினார்கள்.

கோயம்புத்தூர் விமான நிலையத்தில் சபையார் கூட்டமாக வந்திருந்தார்கள். ஆளாளுக்கு என் காதருகே வந்து கத்தினார்கள். வீட்டுக்காரருக்குக் கழுத்து நரம்பெல்லாம் புடைத்துக்கொண்டது. பாவம், நல்ல மனுஷன். அம்மா மட்டும் எல்லோரையும் விலக்கிவிட்டு என் முன்னால் வந்து நின்றாள். குரலே கொடுக்காமல், உதட்டை அகலமாக அசைத்து, வயிற்றில் கையை வைத்து, "பசிக்கா?" என்றாள். எனக்கு அப்படியே புரிந்தது.

அது தறிப் பேச்சு. செக்கிங்குக்கு வருமுன் அம்மா மங்கலத்தில் விசைத்தறி ஓட்டியவள். அந்தக் கூடத்தில் தறிச் சத்தத்துக்கு முன் தொண்டை எடுபடாது. அதனால் எல்லோரும் உதட்டாலும் கையாலும் கண்ணாலுமே பேசிக்கொள்வார்கள். வீட்டுச் சண்டை, கல்யாணப் பேச்சு, கேலி, வசவு எல்லாம் சத்தமில்லாமல் கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போகும். பள்ளிக்கூடம் விட்டு வந்து அங்கே தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தே நானும் அதைக் கற்றிருந்தேன். ஊர் உலகத்தில் இனி என்னால் அம்மா ஒருத்தியிடம் மட்டும்தான் பேச முடியும் என்று ஆயிற்று. நான் வாயைத் திறந்தால் குரல் எவ்வளவு ஏறுகிறதென்று எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். அம்மா உள்ளங்கையைத் தாழ்த்திக் காட்டுவாள். அதனால் நானும் குரலை விட்டுவிட்டு உதட்டாலேயே பேசப் பழகினேன்.

ஆனால் அம்மா சரியாக இல்லை. எனக்கு ஊட்டாத குறையாகப் போடுவாள், தான் சாப்பிட மாட்டாள். அதைவிட ஒன்று என் கண்ணை உறுத்தியது. மாதத்தின் முதல் ஞாயிறு கோயிலில் திருவிருந்து, முன்னால் போய் முழங்கால் போட்டால் அப்பமும் திராட்சரசமும் கொடுப்பார்கள். மனதில் பாரம் வைத்துக்கொண்டு அந்த அப்பத்தை வாங்கக் கூடாது என்பது எங்கள் ஆட்களின் பயம். காய்ச்சலோடுகூட எழுந்து போகிறவள் அம்மா. நான் வந்த பிறகு அவள் ஒருதடவையும் எழுந்திருக்கவில்லை. பெஞ்சில் தலையைக் குனிந்து உட்கார்ந்தே இருப்பாள். சபையில் ஜாடைமாடையாகப் பேசினார்கள். "ஏம்மா போகலை?" என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். முகத்தைத் திருப்பிக்கொண்டால் என்னிடம் பேச்சே கிடையாதே. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். காது போனவன் நான், இவளுக்கு ஆண்டவரிடம் என்ன கோபம்?

ஒரு ஞாயிறு மதியம் போதகர் சபையாரைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார், என் காதுக்காக ஜெபிக்க. என்னை நடுவில் உட்கார வைத்தார்கள். போதகர் இரண்டு காதிலும் எண்ணெய் தடவி விரலை விட்டுக்கொண்டார். கேட்கிற காதாக இருந்தாலும் அடைத்துவிடுவார் போல இருந்தது. எல்லோரும் கண்ணை மூடினார்கள். கைகள் உயர்ந்தன, வாய்கள் வேகவேகமாக அசைந்தன, சில கன்னங்களில் கண்ணீர். நான் கண்ணை மூடவில்லை. கண்ணையும் மூடிவிட்டால் எனக்கு உலகமே இல்லை. பார்த்தால், அடுப்படி வாசலில் நின்ற அம்மாவும் மூடவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் உதடு அசைந்தது.

"நாந்தான்ல கேட்டேன்."

"என்னத்த?" என்றேன், நானும் சத்தமில்லாமல்.

"ஒன்னைய. நீ பஸ் ஏறுன நாள்ல இருந்து. போன்ல என்னைய நெனைக்காதன்னு சொல்லுவேன். வச்ச ஒடனே முட்டுப்போட்டு அழுவேன். எம்பிள்ளையத் திருப்பித் தந்துரும், பொருத்தனை வேண்டாம், எனக்கு எம்பிள்ளைதான் வேணும்னு கேட்டேன்." மார்பில் அடித்துக் காட்டினாள். "தந்துட்டாரு. இப்பிடித் தந்துட்டாரு. எல்லாம் என்னாலதான் ராசா."

சுற்றிலும் அத்தனை பேர் ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை. இத்தனை மாதமும் இந்தப் பாரத்தை வயிற்றில் கட்டிக்கொண்டா எனக்குச் சோறு போட்டாள்? பெற்றவள் பிள்ளையைக் கேட்டது ஒரு பாவமா? எழுந்து ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. போதகரின் விரல்கள் காதில் இருந்தன.

"நானும் கேட்டேம்மா" என்றேன்.

அவள் நெற்றியைச் சுருக்கினாள்.

"அங்க எனக்கு ஒண்ணுமே பிடிக்கலம்மா. வீட்டுக்கு அனுப்பிரும்னு நானும் தெனமும் கேட்டேன். நீ மட்டும் இல்ல."

"நெசமாவால?"

"நெசமாத்தாம்மா."

கொஞ்ச நேரம் என் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள், இன்னும் ஏதோ வரும் என்பது போல. பிறகு முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள், கண்ணை மூடிக்கொண்டாள். தோள்கள் இறங்கின. அவள் உதடுகள் மறுபடி அசைந்தன, ஆனால் என்னிடம் அல்ல.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு, வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு அம்மா திருவிருந்துக்கு எழுந்தாள். முன்னால் போய் முழங்கால் போடுமுன் திரும்பி, வா என்று கையைக் காட்டினாள். நான் வயிறு சரியில்லை என்று ஜாடை காட்டிவிட்டு உட்கார்ந்தே இருந்தேன். தான்சானியாவில் நான் ஆண்டவரிடம் தினமும் கேட்டது ஒன்றே ஒன்றுதான். இந்தப் பிள்ளைகளிடமிருந்து என்னைப் பிரித்துவிடாதேயும் என்றுதான் கேட்டேன். அம்மா சாகும்வரைக்கும் அதை நான் அவளிடம் சொல்லவே இல்லை.