மங்கி கேப் போட்ட மிஸ்டர் சைலன்ட்

அதெல்லாம் இல்லை. கலாவதி ஒரு வயசானவரை முன்னால் நிறுத்திவிட்டுத் தான் பின்னால் ஒளிந்துகொண்டாள் என்று நியூ ஜெர்சி பிளெய்ன்ஸ்பரோவில் இன்னமும் பேசுகிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். அந்தத் தாளை எழுதியது அவள்தான் என்று இவர்களுக்கு யார் சொன்னது? வானத்திலிருந்து அசரீரியா கேட்டது? சில வாரம் ஒளிந்தாள், அது உண்மை. பயந்தவள் ஒளிவாள். அதை மட்டும் பேசிவிட்டு மிச்சத்தை விழுங்கிவிடுவது என்ன நியாயம்?

கோபிசெட்டிபாளையத்துப் பெண் அவள். ஈரோட்டில் ஒரு கல்லூரியில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் லண்டன் பட்டணத்தில் பத்திரிகை போட்டவர்களைப் பற்றித்தான் அவள் ஆராய்ச்சி. இதைப் படித்து என்ன செய்வது என்று வீட்டில் கேட்டிருக்கிறார்கள். அதற்குள் சேனாபதியின் ஜாதகம் வந்துவிட்டது. தொண்ணூற்றெட்டில் அவனைக் கட்டிக்கொண்டு ஹெச்-ஃபோரில் அமெரிக்காவில் வந்து இறங்கினாள். அது புருஷன் விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு வரும் விசா. இருக்கலாம், சமைக்கலாம், பிள்ளை பெறலாம். வேலை மட்டும் செய்யக்கூடாது.

சேனாபதி காலையில் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயில் ஏறினால் இருட்டிய பிறகுதான் வருவான். பகல் முழுக்க ஃபிரிட்ஜ் உறுமுகிற சத்தம்தான் அவளுக்குப் பேச்சுத்துணை. சனிக்கிழமை மட்டும் உயிர் வரும். அன்றைக்குத்தான் அந்த அப்பார்ட்மென்ட் சனம் முழுக்க அழுக்குக் கூடையோடு கீழே லாண்ட்ரி ரூமுக்கு வரும். துணியை டிரையரில் போட்டுவிட்டு மேலே போய்விட முடியாது. அடுத்த ஆள் ஈரத்தோடு எடுத்து வெளியே வீசிவிடுவான். அதனால் எல்லோரும் காத்திருப்பார்கள், காத்திருக்கிற நேரத்தில் வாய் சும்மா இருக்காது. கிரீன் கார்டு, ஊர் டிக்கெட், யார் வீட்டு மாமியார் எப்போது கிளம்புகிறார் என்று எல்லாமே அங்கேதான் அலசப்படும்.

அதைப் பார்த்துத்தான் கலாவதிக்கு லண்டன் காப்பிக்கடை ஞாபகம் வந்தது. அந்தக் காலத்தில் அங்கே பத்திரிகையை மேஜைமேல் போட்டு வைப்பார்களாம். ஒருவன் படிக்க இருபது பேர் கேட்பார்களாம். ஒரு எழுத்துத் தெரியாதவனும் காப்பிக்குக் கொடுத்த காசில் ஊர் உலகத்தைத் தெரிந்துகொண்டு போவானாம். எவ்வளவு நல்ல ஏற்பாடு!

அவளும் ஒரு தாள் போட்டாள். தெலுங்குக்காரர்களும் குஜராத்திகளும் இருந்ததால் இங்கிலீஷில். 'வாஷ் டே' என்று பெயர். லைப்ரரியில் ஜெராக்ஸ் எடுத்து, சனிக்கிழமை யாரும் வருமுன் மெஷின்கள்மேல் வைத்துவிட்டு வந்துவிடுவாள். ஒரு காசு வாங்கவில்லை. தன் பெயரையும் போடவில்லை. லண்டன்காரர்களும் போட்டதில்லை. எங்கும் போய், யாரிடமும் பேசாமல், எல்லாவற்றையும் பார்க்கிற ஒரு ஆளைக் கற்பனையாகப் படைத்து, அவன் எழுதுவதுபோல எழுதுவார்கள். அதே மாதிரி இவள் படைத்தவர்தான் மிஸ்டர் சைலன்ட். லாண்ட்ரி ரூம் மூலையில் உட்கார்ந்துகொண்டு பார்க்கிங் சண்டையையும், தாளிக்கிற வாசத்துக்கு வந்த புகாரையும், ஊறுகாய் பாட்டில் கஸ்டம்ஸில் பட்ட பாட்டையும் எழுதுவார். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. எழுதுவது ஒரு ஆண் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

அந்த ரூம் மூலையில் நிஜமாகவே ஒருவர் உட்காரத் தொடங்கியது பிறகுதான். பொள்ளாச்சிக்காரர் கோபாலசாமி, எதிர் பிளாக் செல்வராஜின் அப்பா. பேரப்பிள்ளை பிறக்கப்போகிறதென்று வந்திருந்தார். வீட்டில் குளிர் தாங்காமல், டிரையர் சூடும் தமிழ்ப் பேச்சும் இருக்கிற இடமென்று அங்கே வந்து கம்மென்று இருப்பார். தலையில் ஒரு பழுப்பு மங்கி கேப். கண்ணும் மூக்கும்தான் தெரியும். கலாவதிக்கு அது பிடித்துப் போயிற்று. அந்த வாரமே மிஸ்டர் சைலன்ட்டுக்கும் ஒரு மங்கி கேப் மாட்டிவிட்டாள். சிரிப்புக்காகச் செய்தாள். அவள் செய்த தப்பு அது ஒன்றுதான்.

இரண்டாயிரத்தொன்று பிறந்ததும் கம்பெனிகள் ஆட்களை வீட்டுக்கு அனுப்ப ஆரம்பித்தன. வேலை போன அன்றைக்கே விசாவும் போச்சு என்றார் ஒருவர். பத்து நாள் டைம் உண்டு என்றார் இன்னொருவர். யாருக்கும் சரியாகத் தெரியாது. போன் அடித்தால் எடுக்கப் பயந்தார்கள்.

அந்த நேரம் பார்த்துக் கலாவதி ஒரு பழைய லண்டன் சங்கதியை எடுத்தாள். அங்கே கடன்பட்டவனை ஞாயிற்றுக்கிழமை பிடிக்கக்கூடாது என்று சட்டமாம். ஆறு நாள் ஒளிந்திருப்பவன் ஞாயிறன்று மட்டும் கோட்டு மாட்டிக்கொண்டு ராஜா மாதிரி உலாத்துவானாம். அதையே நம் ஊர்ப்படி திருப்பி எழுதினாள். டை கட்டி, சாப்பாட்டுப் பையோடு தினமும் கிளம்பி, லைப்ரரியில் சாயங்காலம் வரை உட்கார்ந்துவிட்டு வந்து, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மட்டும் நெஞ்சை நிமிர்த்தி நடக்கிற ஒருவர். யாரையும் மனசில் வைத்து எழுதவில்லை. ஆனால் அந்த பில்டிங்கில் அப்படி நிஜமாகவே சிலர் இருந்தார்கள். அவளுக்கு அது தெரியாது.

அந்தச் சனிக்கிழமை லாண்ட்ரி ரூமில் யாரும் சிரிக்கவில்லை. சுவாமிநாதன் தாளைப் படித்துவிட்டு நான்காய் மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். அவனுக்கு வேலை போயிருந்தது, மனைவி ஷ்யாமளாவிடம்கூடச் சொல்லவில்லை. அவனை லே ஆஃப் செய்த அதே கம்பெனியில்தான் செல்வராஜுக்கு இன்னும் வேலை இருந்தது. சுவாமிநாதனின் பார்வை மெதுவாக மூலைக்கு, மங்கி கேப்புக்குப் போனது. அப்பா கேட்கிறார், மகன் எழுதுகிறான் என்று முடிவு கட்டிவிட்டான்.

"அங்கிள், நீங்க உங்க அப்பார்ட்மென்ட்ல போய் உக்காருங்க. இங்க நாங்க ஃபேமிலி மேட்டர் பேசுவோம்."

அவர் எழுந்து போனார். கலாவதி அங்கேதான் ஒரு பெட்ஷீட்டை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள்.

அதோடு நிற்கவில்லை. அவர் வந்தால் பேச்சு நின்றது. செல்வராஜின் கார்க் கண்ணாடியில் யாரோ கீறியிருந்தார்கள். வாடகை லீஸில் பெயர் இல்லாத ஆள் தங்கியிருப்பதாக லீஸிங் ஆபீஸுக்குப் புகார் போனது. சுவாமிநாதன், என்றைக்காவது தான் நாட்டைவிட்டுப் போகவேண்டி வந்தால் எழுதினவனையும் கூட்டிக்கொண்டுதான் போவேன், விசா பார்க்கிற ஐ.என்.எஸ். ஆபீஸுக்கு ஒரு போன் போதும் என்று எல்லோரிடமும் சொல்லிவந்தான். கோபாலசாமியின் விசா எக்ஸ்டென்ஷன் இன்னும் வரவில்லை. மகன் பயந்துபோய் ஞாயிற்றுக்கிழமைக்கு அவருக்கு டிக்கெட் போட்டுவிட்டான். மருமகளுக்கு மாசம் நெருங்கியிருந்தது. பேரப்பிள்ளை முகம் பார்க்காமலே போக வேண்டும்.

கலாவதி தாள் போடுவதை நிறுத்திவிட்டாள். நிறுத்தினால் அடங்கிவிடும் என்று நினைத்தாள். ஆள் கிளம்பப்போவதால்தான் தாளும் நின்றது என்று சுவாமிநாதன் அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டான்.

கிளம்புவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை பகலில் மெயில்பாக்ஸ் பக்கம் கோபாலசாமி அவளை நிறுத்தினார். கையில் கசங்கிய தாள்.

"அம்மிணி, நீ இங்கிலீசு படிச்ச புள்ள. இந்தக் காயிதத்துல என்னப் பத்தி என்னமோ போட்டிருக்குதாமா. கொஞ்சம் படிச்சுச் சொல்லு."

அவள் எழுதியதை அவளே அவருக்குத் தமிழில் படித்துச் சொன்னாள். அவர் தலையைச் சாய்த்துக் கடைசி வரி வரைக்கும் கேட்டார்.

"இதுல நான் எங்க இருக்கறேன்?"

"நீங்க இல்லீங்கய்யா."

"குல்லா மட்டும் என்னுதாட்ட இருக்குது."

அவ்வளவுதான் சொன்னார். மங்கி கேப்பைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு, வழுக்கைத் தலையோடு அந்தப் பனிக்காற்றில் நடந்து போனார்.

மறுநாள் சனிக்கிழமை. காலையில் அவள் காப்பிகூடக் குடிக்கவில்லை. கீழே போய், எழுதினது நான்தான் என்று சொல்லிவிடப் போகிறேன் என்றாள். சேனாபதி கெட்டவன் இல்லை. ஆனால் அவன் முகம் வெளுத்துவிட்டது.

"கலா, கிரீன் கார்டுக்கு முதல் படி, லேபர், இப்பத்தான் கிளியர் ஆகியிருக்கு. ஹெச்-ஃபோர்ல இருந்துக்கிட்டு பேப்பர் நடத்தறாள்னு அந்த சுவாமிநாதன் ஒரு போன் பண்ணுனா என்ன ஆகும்?"

"நான் ஒரு பைசா வாங்கலீங்க."

"வாங்கலைன்னு யாருகிட்ட ப்ரூவ் பண்ணுவ? என் கிரீன் கார்டும் சேர்ந்து போகும். ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்."

அவளுக்கும் அந்தப் பயம்தான். மூன்று வருஷமாக அந்த அட்டைக்காகத்தானே பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

"அந்தப் பெரியவரு நாளைக்குக் கிளம்பறாருங்க," என்றாள்.

"அது பாவம்தான். அதுக்கு நாம என்ன பண்றது?"

"அவரு தலையில இருந்தத நான்தாங்க எடுத்தேன்."

ஷூ மாட்டிக்கொண்டாள். சேனாபதி தடுக்கவில்லை. குளியலறைக்குப் போய் அழுக்குக் கூடையைத் தூக்கிவந்து அவள் காலடியில் வைத்தான்.

"இதையாவது எடுத்துட்டுப் போ. கீழ போயி மனசு மாறிடுச்சுன்னா, துணி துவைக்க வந்தேன்னு சொல்லிக்கலாம்."

நல்ல யோசனைதான். அவள் குனிந்து கைப்பிடியைக்கூடப் பிடித்தாள். தூக்கினால் லாண்ட்ரி ரூம் கதவு வரை தைரியமாகப் போகலாம், வாயே திறக்காமல் திரும்பியும் வரலாம் என்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

கைப்பிடியை விட்டாள். கூடையைத் தாண்டி வெறுங்கையோடு வெளியே போனாள்.