கேப்டன் கேட்ட ஒரே தடவை

என் கையெழுத்து கோழிக் கிறுக்கல். தொடக்கப்பள்ளியோடு படிப்பு நின்றுவிட்டதால் எழுத்துப்பிழையும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடமாக என் அலமாரியில் இருக்கும் ஒரு நாவலைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. அதன் அட்டையில் விண்கலம் ஒன்று பறக்கிறது. மேலே தேநீர்க் கோப்பை வைத்த வட்டக் கறை.

அது என்னோடு வேலை பார்த்த பாயுடைய புத்தகம். பிடோக் வட்டாரத்தில், கொண்டோ என்கிற அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் நாங்கள் காவலர்களாக இருந்தோம். எனக்குப் பகல், பாய்க்கு இரவு. காலை ஏழுக்கும் மாலை ஏழுக்கும் பொறுப்பு மாற்றும் பத்து நிமிடம்தான் நாங்கள் பார்த்துக்கொள்வது. தேக்கா பக்கம் ஒரு பழைய புத்தகக் கடையில் அதை வாங்கி வந்து மேசை இழுப்பறையில் போட்டார். சம்பளம் தருகிறவர்களுக்காகக் கிரகம் கிரகமாகப் போய்ச் சண்டை போடும் கூலிப்படையின் கதை. இருவரும் ஒவ்வொரு அத்தியாயமாகப் படித்து, துண்டுத்தாளில் அபிப்பிராயம் எழுதி உள்ளே வைக்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். அவர் பதிவேட்டில் எழுதுகிற மாதிரியே எழுதுவார். 'அத்தியாயம் நான்கு. தாக்குதல் நடந்தது. ஆள் இழப்பு மூன்று. துப்பாக்கிப் பெயர்கள் அளவுக்கு அதிகம். மற்றபடி எல்லாம் சரி.'

நான் 'படித்தேன்' என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.

“என்ன தம்பி, டூட்டி எடுத்த மாதிரி சைன் மட்டும் போட்டு வச்சிருக்க? புடிச்சுதா, புடிக்கலையா, அதச் சொல்லு லா. எழுதுனவரு வந்து அடிக்கவா போறாரு?”

சிரித்து மழுப்புவேன். சொல்ல எனக்கும் இருந்தது. சண்டைகளைவிட, ஒரு சிப்பாய் காலுறை துவைத்துக் காயப்போடும் பக்கம்தான் எனக்குப் பிடித்தது. பேருந்தில் வாக்கியமாகவே யோசித்து வைப்பேன். தாளைக் கண்டதும் கை கூசும்.

பிறகு அந்த கொண்டோவின் காவல் ஒப்பந்தம் வேறு நிறுவனத்துக்குப் போனது. “நாமளும் கூலிப்படைதான் தம்பி. காண்ட்ராக்ட் முடிஞ்சா அடுத்த கிரகம்” என்றார் பாய். கடைசி நாள் காலையில், “பூன் லே பக்கம் காவலுக்கு ரெண்டு ஆளு கேக்குறாங்க. நீயும் வர்றியா?” என்று கேட்டார்.

போக வேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் எங்கள் வீட்டு வழக்கப்படி, யார் சாப்பிடச் சொன்னாலும் முதலில் 'இருக்கட்டும்' என்போம். இரண்டாம் தடவை சொன்னால்தான் உட்காருவோம். அந்தப் பழக்கத்தில், “பாக்கலாம் பாய்” என்றேன். அதற்குள் லாரி ஒன்று வந்தது. கதவைத் திறந்துவிட்டுத் திரும்பியபோது, பாய் துண்டுத்தாளில் எதையோ எழுதிப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

“கடைசி அத்தியாயத்துக்கு நான் எழுதிட்டேன். நீயும் எழுதிக் கொண்டாந்து குடு.” மறுபடி கேட்கவில்லை. போய்விட்டார்.

எனக்குத் தஞ்சோங் பகாரில் ஓர் அலுவலகக் கட்டடம் கிடைத்தது. அங்கே எனக்குப் பின் வருகிறவர் கைப்பேசியிலிருந்து தலை தூக்க மாட்டார். ஒரு விடுமுறை நாள் மாலை புத்தகத்தோடு பூன் லேக்கு ரயிலேறினேன். சாலையின் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால், காவல் அறைக் கண்ணாடிக்குப் பின்னால் பாய் கையை ஆட்டி எதையோ சொல்ல, புதுக் கூட்டாளி விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார். என் தாளில் ஒரு வரிகூட இல்லை. எந்த முகத்தோடு போவது? திரும்பிவிட்டேன்.

இன்று காலைதான் கடைசி அத்தியாயத்தைத் திறந்தேன். கப்பல் கிளம்பும் நேரம். காலுறை துவைத்த அந்தச் சிப்பாயைக் கேப்டன் ஒரு தடவை கூப்பிடுகிறார். அவன் பேசாமல் நிற்கிறான். கதவு மூடுகிறது. அங்கே பாயின் தாள் இருந்தது.

'கப்பல் கிளம்பியது. ஆள் ஒன்று குறைவு. கேப்டன் இன்னொரு தடவை கேட்டிருக்கலாம்.'

'எல்லாம் சரி' என்று இந்தத் தாளில் மட்டும் இல்லை.

பாய் இன்னும் அங்கேதான் இருக்கிறாரா, அடுத்த கிரகத்துக்குப் போய்விட்டாரா, தெரியாது. மாலை ஏழு மணிக்குப் போய்ப் பார்க்கிறேன். தேநீர்க் கறை படிந்த அந்த அட்டையைத் துடைத்துப் பையில் வைத்துவிட்டேன். உள்ளே, அவர் எழுதியதற்குக் கீழே, என் முதல் அபிப்பிராயம் இருக்கிறது:

'கேப்டன் மேல் தப்பில்லை. கேட்டார். அந்த ஆளுக்கு வர ஆசைதான். சொல்லத்தான் வாய் வரவில்லை. ஞாயிறு, ஜூலை 14.'