தையலக்காவின் வலது கை

கால்நடை மருத்துவமனையில் அவள் கம்பவுண்டர். ஆனால் அந்தப் பெயரில் விசாரித்தால் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. தையலக்கா என்று கேட்க வேண்டும். புதிதாகக் குடிவந்த ஒரு அம்மாள் அதை நம்பி சட்டைத் துணியோடு வந்து நிற்க, "நாலு காலும் ஒரு வாலும் இருந்தா கூட்டிட்டு வாங்கம்மா, ஜம்முன்னு தைச்சுத் தர்றேன்" என்று சொல்லி அனுப்பினாளாம். அவள் தைத்ததெல்லாம் நாய்த் தோல். டாக்டர் பாதி நாள் வெளியூர் முகாமில் இருப்பார். ஞாயிற்றுக்கிழமை கிழிந்து வரும் நாய்களெல்லாம் அவள் மேஜைக்குத்தான் வரும்.

ஞாயிற்றுக்கிழமை ஏன் கிழிகின்றன? அன்றுதான் சிறுத்தை வேட்டை. அதை முன்னால் நின்று நடத்துகிறவன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி.

சிறுத்தை ஆடு தூக்கியது உண்மைதான். இல்லை என்று யார் சொன்னது? பட்டியை உயர்த்திக் கட்டியிருக்கலாம், சுற்றிலும் விளக்குப் போட்டிருக்கலாம். அதற்கு உடம்பு வளைய வேண்டுமே! தம்பியும் கூட்டாளிகளும் இடம் காட்டும் பட்டையை நாய்களின் கழுத்தில் மாட்டிக் காட்டுக்குள் ஏவிவிடுவார்கள். பிறகு ஜீப்பில் சாய்ந்து, பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் குடித்தபடி, போன் திரையில் புள்ளிகள் ஓடுவதை வேடிக்கை பார்ப்பார்கள். எல்லாப் புள்ளிகளும் ஒரே இடத்தில் நின்றால் சிறுத்தை மரமேறிவிட்டது என்று அர்த்தம். சாவகாசமாக நடந்து போய், கிளையில் மூச்சிரைக்க ஒடுங்கிக் கிடப்பதைச் சுடுவார்கள். இதற்குப் பெயர் வீரமாம், தூ! மரமேறாமல் திரும்பி நிற்கும் சிறுத்தையிடம் சிக்கிக் குடல் சரிவது நாய்களுக்கு. இவர்களுக்கு டீ கூடச் சிந்தாது.

தம்பியின் நாய்களில் முதலில் ஓடுவது புயல் என்ற பெட்டை. காது, தோள், வயிறு என்று அதன் உடம்பில் தையலக்கா கைபடாத இடமில்லை. மேஜையில் ஏற்றினால் தானே ஒருக்களித்துப் படுத்துக்கொள்ளும். ஊசி ஏற ஏற அவள் மணிக்கட்டை நக்கிக்கொண்டிருக்கும். அவள் தம்பியின் பக்கம் திரும்புவாள்.

"நான் தைக்கத் தைக்க நீ கிழிச்சுக்கிட்டே இருக்கியேடா. மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா உனக்கு?"

"ஓடுறதுக்குன்னே பொறந்த ஜாதிக்கா அது. கட்டிப்போட்டாத்தான் செத்துப்போகும்."

"அதுக்கு மட்டும் வாயிருந்தா, நீ ஓடு, நான் டீ குடிக்கிறேன்னு சொல்லும்."

தைக்க மாட்டேன் என்று ஒரு நாள் கதவைச் சாத்திவிடலாம். சாவது புயல்தானே. அது தம்பிக்கும் நன்றாகத் தெரியும், அந்தத் தைரியத்தில்தான் ஆடினான்.

ஒருமுறை அவர்கள் சுட்டுப் போட்டது பால்மடியோடு இருந்த தாய்ச் சிறுத்தை. நாய்களை விட்டே குட்டியையும் தம்பி தேடிப் பிடித்து வந்தான். தன் வீட்டுப் பின்கட்டில், நாய்கள் திரியும் கம்பிவேலிக்குள் இருந்த சாமான் அறையில் கூண்டு வைத்து அடைத்தான். குட்டியின் மேல் துணியைத் தேய்த்து எடுத்து, நாய்களின் மூக்கில் காட்டி, அதைக் குதறினால்தான் தீனி என்று பழக்கினான். ஞாயிற்றுக்கிழமை குட்டியையே வேலிக்குள் விட்டு, புது நாய்களுக்கு ருசி காட்டுவதாகத் திட்டம்.

"பால்குடி மறக்காத குட்டிடா அது. என்கிட்ட குடுத்திடு, எங்கயாவது கொண்டுபோய்ச் சேர்த்திடுறேன்."

"இன்னைக்குப் பால் கேக்கும், நாளைக்கு ஆடு கேக்கும். உன் வேலையைப் பாருக்கா."

வனத்துறைக்குப் போன் செய்தாள். பார்க்கிறோம் என்றார்கள். சனிக்கிழமை மதியம் வரை யாரும் வந்து பார்க்கவில்லை. தம்பி கடைத்தெருவுக்குப் போன நேரம் பார்த்து அவளே வேலிக் கதவைத் திறந்து உள்ளே போனாள். நாய்கள் ஓடிவந்து மேலே விழுந்து நக்கின. புயலின் ஒட்டுப்போட்ட காதைச் செல்லமாகத் திருகிவிட்டு அறைக்குள் போனாள். குட்டி சீறிக் கடித்தது. தன் மேலங்கியைக் கழற்றி, அதில் சுருட்டி, மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

ஆடிக்கொண்டிருந்த வால்கள் நின்றன.

"புயல், நான்தான்டி!" என்றாள். தன் கையால் தைத்த நாய் தன்னைக் கடிக்காது என்று அந்தப் பாவி மகள் மனதார நம்பினாள். அந்த வாசனை வந்தால் ஆள் முகம் தெரியக் கூடாது என்று தம்பி அவ்வளவு நன்றாகப் பழக்கியிருந்தான். குட்டியை வலது கையால் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். புயல் எட்டிப் பிடித்தது அந்தக் கையைத்தான்.

கடைத்தெருவிலிருந்து திரும்பிய தம்பி அலறல் கேட்டு ஓடிவந்து இரும்புக் கம்பியால் அடித்தும் புயல் பிடி விடவில்லை. புயல் செத்த பிறகுதான் வாய் திறந்தது. கை தவறி விழுந்த குட்டி மற்ற நாய்களின் வாயில் அதற்கு முன்பே முடிந்துபோயிருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் எடுத்துவிட்டார்கள். "இனிமே நாயே வேண்டாம்கா, சத்தியமா வேண்டாம்" என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதான் தம்பி. கட்டுப் பிரிக்கும் வரை அந்தச் சத்தியம் தாங்கியது. அப்புறம் பின்கட்டில் மறுபடி குரைப்புச் சத்தம். கேட்டால், காவலுக்காம்.

தையலக்காவுக்கு இப்போது இடது கையால் டோக்கன் கொடுக்கும் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் இளநாய் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். சட்டையெல்லாம் ரத்தம்.

"அக்கா, டாக்டர் இல்லையா? சிறுத்தை அடிச்சிடுச்சு. சீக்கிரம் தையேன்!"

மேஜைக்கு அடியிலிருந்து வலது கையை எடுத்து அவன் முகத்துக்கு நேரே காட்டினாள்.

"ஊசி தட்டுல இருக்கு. கையைக் கழுவிட்டு வா."

"எனக்குத் தைக்கத் தெரியாதேக்கா."

"கிழிக்க மட்டும் தெரிஞ்சுதா?"

மரத்துப்போகும் மருந்தை இடது கையால் தட்டுத்தடுமாறி அவளே போட்டுவிட்டு, நாயின் தலையைப் பிடித்துக்கொண்டாள். இங்கே குத்து, இழு, முடிச்சுப் போடு என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். தோலுக்குள் ஊசி ஏறவில்லை, அழுத்தினால் நாய் முனகியது. முனகிக்கொண்டே அவன் மணிக்கட்டை நக்கியது. அவனுக்குக் கண்ணில் பொலபொலவென்று நீர் கொட்டியது. துடைக்கக் கை இல்லை.

பாதிக் காயம் கூடியிருக்காது, அவள் பிடியில் இருந்த தலை கனத்தது. அவன் குனிந்தபடி தைத்துக்கொண்டே இருந்தான்.

"அடுத்தது எங்கக்கா குத்தணும்?"

"விடுடா. அது போய் நேரமாச்சு."