செல்விக்கு நான் கொடுத்த மாத்திரை

எங்கள் தோட்டத்து லயத்தில், ஒட்டிய வரிசை வீடுகளில், சீனி தீர்ந்தால் பக்கத்து வீட்டுக் காம்பராவில் வாங்கிக்கொள்வோம். மாத்திரையையும் அப்படிக் கொடுத்தவள் நான்.

என் வீட்டுக்காரர் டொக்டர் சொல்லித் தெரிந்தே விழுங்கி, குடியை விட்ட மாத்திரை அது. பக்கத்துக் காம்பராச் செல்வி தன் புருஷன் கணேசனின் குடியைச் சொல்லி அழுததால் அவருக்கென்று அவளிடம் கொடுத்தேன். அவர் மனநோய்க்குக் கிளினிக்கில் மருந்து எடுப்பவர். "ரொட்டியில வச்சிக் குடு, அவருக்குத் தெரிய வேணாம்" என்றதும் நானே.

மறுநாள் மத்தியானம் செல்வி கத்தினாள். "அக்கா, ஓடி வாங்க! குடிச்சிட்டு வந்தாரு, மூச்சுத் திணறுது!"

கணேசனின் முகம் செக்கச்செவேலென்று இருந்தது. நெஞ்சு துடிப்பது சட்டைக்கு மேலேயே தெரிந்தது. ஆஸ்பத்திரி போகும்வரை ஆட்டோவில் என் மடியிலேயே வாந்தி எடுத்தார்.

"கிளினிக் மருந்து தவிர வேற என்ன குடுத்தீங்க?" என்றார் டொக்டர். சொன்னால் பொலிஸ் வருமோ என்று பயம். சொல்லாவிட்டால் ஆள் போய்விடுவாரோ என்று அதைவிடப் பயம்.

"நான்தாங்க அவருக்குத் தெரியாம குடுத்தேன்" என்று மாத்திரையின் பெயரைச் சொன்னேன்.

"ஆளுக்குத் தெரியாம இதைக் குடுத்தா, மேல சாராயம் குடிச்சதும் உயிரே போயிடலாம்" என்றார்.

கணேசன் பிழைத்தார். கட்டிலில் சாய்ந்தபடி என்னிடம் கேட்டார்: "ஏங்கக்கா, கிளினிக்குக்குப் போறவன் நானா, நீங்களா? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே வந்து குடிய விட மருந்து கேட்டிருப்பேனே."

அப்படியே டொக்டரிடம் கேட்டார். இப்போது தனக்கு ஏற்ற வேறு மருந்தைக் கிளினிக்கில் வாங்குகிறார். என்னைப் பார்த்தால் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பை நேராகப் பார்க்க எனக்குத்தான் இன்னும் பயமாக இருக்கிறது.